எண் நம்முடையது, முகவரிகள் யாருடையவை?

செல்லிடப்பேசி நிறுவனத்தை மாற்றினாலும் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளும் வசதி 2010 நவம்பரில் ஹரியாணாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20-ஆம் தேதி நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. அதுவரை, சேவை பிடிக்காவிட்டாலும் எண்ணை இழக்க மனமின்றி அதே நிறுவனத்தில் நீடித்தவர்கள் ஏராளம். ஆனால், எண்ணைவிட மதிப்பு மிக்கவை அந்தச் செல்லிடப்பேசிக்குள் இருக்கும் முகவரிப் பட்டியலும் நாள்காட்டியும்தான். அவற்றை ஓர் இணையச் சேவையிலிருந்து மற்றொன்றுக்குச் சேதமின்றி எடுத்துச் செல்லும் உரிமைக்கு நமது சட்டத்தில் இன்றும் இடமில்லை.

இது கணினிப் பிரியர்களின் கவலை மட்டும்தானா? நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் அன்றாடத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும். தில்லி அலுவலகத்தில் ஒரு கணினி, தொகுதி அலுவலகத்தில் இன்னொன்று, சட்டைப் பையில் செல்லிடப்பேசி. மூன்றிலும் ஒரே நாள்காட்டி, ஒரே முகவரிப் பட்டியல் இருந்தாக வேண்டும். துறை சார்ந்த நிலைக்குழுக்கள் மட்டுமே 24 உள்ளன. குழுக் கூட்டத்தின் தேதி மாறியது தில்லி உதவியாளரின் கணினியில் பதிவாகி, தொகுதியில் இருக்கும் உறுப்பினரின் செல்லிடப்பேசியை எட்டாமல் போனால், காலியாகக் கிடப்பது ஒரு நாற்காலி மட்டுமல்ல. அந்தத் தொகுதியின் குரலும்தான்.

இத்தகைய கோளாறு நேரும்போதெல்லாம் "கணினி தெரியாதவர்" என்று பயனாளர் மீதே பழி விழுகிறது. உண்மையில், பெரும்பாலான கோளாறுகளுக்குக் கண்டறியக்கூடிய காரணம் உண்டு.

முதலில் பார்க்க வேண்டியது, இணையத்தில் உள்ள மூலப் பதிவை. உலாவி வழியாகச் சேவையின் தளத்துக்கே சென்று பார்த்தால், பதிவு அங்கே இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். அங்கே இருந்து, செல்லிடப்பேசியில் இல்லையென்றால் கோளாறு செல்லிடப்பேசியில். அங்கேயே இல்லையென்றால், பதிவு செய்த கணினியில். பல நேரங்களில் எண்கள் இணையக் கணக்கில் சேராமல், சிம் அட்டையிலோ செல்லிடப்பேசியின் நினைவகத்திலோ தங்கிவிடுகின்றன. கருவி தொலைந்தால் அவையும் தொலைந்தன.

அடுத்தது கடவுச்சொல். வெறும் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொண்டு வெளி மென்பொருள்கள் உள்நுழையும் பழைய முறையைத் தனிநபர் கணக்குகளில் கூகுள் 2022 மே மாத இறுதியில் நிறுத்தியது. பாதுகாப்பு கருதி எடுக்கப்பட்ட சரியான முடிவுதான். ஆனால், பழைய மென்பொருளை நம்பியிருந்தவர்களுக்குக் கடவுச்சொல் சரியாக இருந்தும் கதவு திறக்கவில்லை. மென்பொருளைப் புதுப்பிப்பதோ, அந்த மென்பொருளுக்கென்று தனிக் கடவுச்சொல் பெறுவதோதான் வழி.

மூன்றாவது, நேர வலயம். கிரீன்விச் நேரத்துக்கும் நமக்கும் ஐந்தரை மணி வித்தியாசம். கணக்கு கிரீன்விச் நேரத்தில் அமைந்திருந்தால், அதில் காலை 11 மணி என்று பதிவான கூட்டம் நமது செல்லிடப்பேசியில் மாலை 4.30 என்று காட்டும். நமது நேரப்படி நள்ளிரவில் தொடங்குவதாகப் பதிவாகும் பிறந்தநாளோ அந்தக் கணக்கில் முந்தைய தேதிக்குத் தாவிவிடும்.

நான்காவது, ஒரே பெயர் இரண்டு மூன்று முறை தோன்றுவது. இதில் தமிழர்களுக்கென்றே தனிச் சிக்கல் உண்டு. முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்களை நிரப்பச் சொல்லும் மேலைநாட்டு மென்பொருளுக்கு நமது தலைப்பெழுத்து புரிவதில்லை. "கே. முருகன்" ஒரு கருவியிலும் "முருகன் கே." இன்னொன்றிலும் பதிவானால், அது இருவராக எண்ணிக்கொள்கிறது. ஒரே எண் ஓரிடத்தில் 0 என்றும் மற்றோரிடத்தில் +91 என்றும் தொடங்கினாலும் இதே குழப்பம் நேரலாம். பட்டியலைக் கோப்பாக இறக்கும்போது யூனிகோட் முறையில் சேமிக்கத் தவறினால், தமிழ்ப் பெயர்கள் வெறும் கேள்விக்குறிகளாகிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் எச்சரிக்கை. ஒத்திசைவு என்பது காப்புநகல் அன்று. ஒரு கருவியில் அழித்தால் எல்லாக் கருவிகளிலும் அழியும். பிழையும் அதே வேகத்தில் பரவும். எதைச் சரிசெய்யத் தொடங்கும் முன்பும் முழுப் பட்டியலையும் தனிக் கோப்பாக எடுத்து வைப்பதே அறிவுடைமை.

இவையெல்லாம் பயனாளர் செய்யக்கூடியவை. அவரது கையை மீறியவையும் உண்டு. நாள்காட்டிப் பதிவுகளுக்கான பொது வடிவமான ஐகேலண்டர் 1998-லும், நாள்காட்டிகளை ஒத்திசைக்கும் கால்டாவ் 2007-லும், முகவரிகளுக்கான கார்டுடாவ் 2011-லும் வகுக்கப்பட்டன. யாரும் பயன்படுத்தக்கூடிய திறந்த தரங்கள் இவை. ஆயினும், அலுவலகங்களில் பரவலாக உள்ள மைக்ரோசாஃப்ட் அவுட்லுக்கின் பழைய விண்டோஸ் வடிவம், தனி இணைப்பு மென்பொருள் இல்லாமல் கால்டாவை ஏற்பதில்லை. கால்டாவ் வசதியைத் தான் அங்கீகரித்தவர்களுக்கு மட்டுமே அளிக்கப்போவதாக 2013 மார்ச்சில் கூகுள் அறிவித்தது; எதிர்ப்புக்குப் பின் ஜூன் மாதத்தில் அம்முடிவைக் கைவிட்டது. அன்று பின்வாங்கியது நல்லதே. ஆனால், ஒரு நிறுவனத்தின் மனமாற்றத்தை நம்பி ஒரு நாட்டின் நாள்காட்டிகள் இருக்கலாமா?

சட்டம் இங்கேதான் துணை நின்றிருக்க வேண்டும். நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018 ஜூலையில் அளித்த வரைவு மசோதாவில், தனது தரவுகளைக் கணினி படிக்கக்கூடிய வடிவில் பெற்று வேறு சேவைக்கு மாற்றும் உரிமை இருந்தது. 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமான மசோதாவிலும் இருந்தது. அதை ஆராய்ந்து 2021 டிசம்பரில் அறிக்கை அளித்த கூட்டுக்குழுவும் அதைக் கைவிடச் சொல்லவில்லை. 2022 ஆகஸ்டில் அந்த மசோதாவே திரும்பப் பெறப்பட்டது. மறு ஆண்டு வந்த புதிய மசோதாவில் அந்த உரிமை இல்லை. 2023 ஆகஸ்ட் 7-ஆம் தேதி மக்களவையிலும், 9-ஆம் தேதி மாநிலங்களவையிலும் குரல் வாக்கெடுப்பில் அது நிறைவேறியது. தரவின் சுருக்கத்தைக் கேட்கலாம், திருத்தக் கோரலாம், அழிக்கக் கோரலாம். எடுத்துச் செல்லக் கோர முடியாது. 2025 நவம்பரில் வெளியான விதிகளும் இந்தக் குறையைத் தீர்க்கவில்லை.

பெரிய நிறுவனங்கள் தாமாகவே இந்த வசதியைத் தருகின்றனவே, சட்டம் எதற்கு என்று கேட்கலாம். கூகுள் தனது டேக்அவுட் சேவையை 2011 முதல் அளித்து வருவது உண்மை. ஆனால், விருப்பத்தின் பேரில் தரப்படுவது சலுகை. சட்டப்படி கேட்டுப் பெறுவதே உரிமை. முகவரிப் பட்டியலில் மற்றவர்களின் எண்களும் இருக்கின்றனவே என்ற ஆட்சேபம் சற்று வலுவானது. அவற்றைத் தவறாகப் பயன்படுத்துவதைத்தான் தடுக்க வேண்டும். நிறுவனத்தின் கிடங்கில் பூட்டிவைப்பதால் அந்த எண்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு வந்துவிடாது.

இந்தக் கேள்விக்கு இப்போது அவசரமும் கூடியிருக்கிறது. மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல், சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனத்தின் தளத்துக்கு மாற்றப்பட்டதாக 2025 அக்டோபரில் செய்திகள் வெளியாயின. அரசின் கடிதப் போக்குவரத்து உள்நாட்டு நிறுவனத்திடம் இருப்பது வரவேற்கத்தக்கது, தமிழகத்துக்குப் பெருமையும்கூட. ஆனால், உள்நாட்டுப் பூட்டும் பூட்டுதான். ஒப்பந்தங்கள் ஒருநாள் முடியும், நிறுவனங்கள் மாறும். அப்போது அஞ்சல்களோடு முகவரிகளும் நாள்காட்டிகளும் பழுதின்றி வெளியேற முடியுமா என்பதே கேள்வி.

செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, விடுபட்ட உரிமையைத் திருத்தத்தின் மூலம் சட்டத்தில் மீண்டும் சேர்ப்பது. இரண்டாவது, அரசு கையெழுத்திடும் ஒவ்வொரு மின்னஞ்சல் ஒப்பந்தத்திலும் திறந்த தரங்களைக் கட்டாயமாக்குவது. மின்னாளுகைக்கான திறந்த தரக் கொள்கையை 2010-லேயே வகுத்த அரசுக்கு இது புதிய பாடமன்று. மூன்றாவது, அவைகளின் அமர்வுகளும் குழுக் கூட்டங்களும் எந்தச் செயலியும் படிக்கக்கூடிய பொது நாள்காட்டியாகக் கிடைப்பதை இரு செயலகங்களும் உறுதிசெய்வது.

எண்ணை விட்டுக்கொடுக்காமல் நிறுவனத்தை மாற்றும் துணிவைக் குடிமக்களுக்குத் தந்தது ஒரு விதி. அந்த ஒரு எண்ணுக்குக் கிடைத்த காப்பு, அதற்குப் பின்னால் இருக்கும் நூற்றுக்கணக்கான எண்களுக்கு மறுக்கப்பட்டது ஏன்? மூன்று முறை எழுதப்பட்டு நான்காவது முறை மறைந்துபோன அந்தப் பிரிவு குறித்து நாடாளுமன்றத்தில் விளக்கம் கேட்க வேண்டிய கடமை உறுப்பினர்களுக்கு உண்டு. அவர்களுடைய நாள்காட்டியும் அதில்தான் சிக்கியிருக்கிறது.