திருமழபாடிச் சுவர் தரும் படிப்பினை

உங்கள் ஊர்ப் பள்ளிவாசல் எந்த ஆண்டில் எழுப்பப்பட்டது? அதனை முதன்முதல் எழுப்பியவர் யார்? அதற்கு நிலம் வக்ஃபு செய்தவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை கூறும் கல்லொன்று உங்கள் பள்ளியில் இன்று இருக்கின்றதா, அல்லது ஒரு காலத்தில் இருந்து, பின்னர் காணாமற் போயிற்றா? அன்பு வாசகர்கள் தம் வீட்டுப் பெரியவர்களிடம் இவற்றை ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டுகிறேன். பல ஊர்களில், "இருந்தது, புதிதாகக் கட்டும்போது எங்கோ போய்விட்டது" என்ற விடையே கிடைக்கும்.

அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரையில், திருமழபாடி என்றோர் ஊர் உளது. வைத்தியநாத சுவாமி கோயிலால் பெயர் பெற்ற ஊர். பங்குனியில் நடைபெறும் நந்தி திருமணத்தைக் காண அங்கே மக்கள் வெள்ளமெனத் திரள்வர். சைவர்களின் கோயிலைப் பற்றி வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் பேச்சு எதற்கு என எவரும் புருவம் உயர்த்த வேண்டா. நாம் காணவிருப்பது வழிபாட்டையன்று. அக்கோயிற் சுவரில் பொறிக்கப்பட்டுள்ள ஓர் அரசாணையை. பழைய கட்டடத்தை இடித்துப் புதியது எழுப்பும் எவருக்கும், எச்சமயத்தவராயினும், அது பாடமாகும்.

முதலாம் ராஜராஜ சோழன் தனது 28ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது கி.பி. 1012-13இல், அக்கோயிலின் விமானத்தைப் பிரித்துவிட்டுப் புதிதாக எடுப்பிக்க ஆணையிட்டான். அத்துடன் வேறோர் ஆணையும் பிறந்தது. விமானத்தைப் பிரிக்குமுன், அதன் சுவர்களிலிருந்த பழைய கல்வெட்டுகள் அனைத்தையும் புத்தகத்தில் படியெடுத்து எழுதிக்கொள்ள வேண்டும் என்பதே அது. அவ்வாறே எழுதிக்கொண்டனர். பின்னரே கல் பெயர்க்கப்பட்டது. 1014இல் ராஜராஜன் மறைந்தான். மகன் ராஜேந்திரன் அரியணை ஏறினான். அவனது 14ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1026இல், அந்தப் புத்தகத்தைப் பார்த்துப் பழைய கல்வெட்டுகளைப் புதிய சுவரில் மீண்டும் வெட்டினர்.

இடையே கடந்தவை பதின்மூன்று ஆண்டுகள். அரசன் மாறினான், அதிகாரிகள் மாறியிருப்பர், போர்கள் பல நடந்தன. ஆயினும் புத்தகம் தொலையவில்லை. மூன்றாண்டுக்கு முந்திய கோப்பினைத் தேடித்தரக் கேட்டால் நம் அலுவலகங்கள் படும் பாட்டை அறிந்தவர்கள், இதன் அருமையை உணர்வர்.

அச்சுவர்களில் அப்படி என்னதான் எழுதியிருப்பர்? அக்காலக் கோயிற் சுவரே அவ்வூரின் பத்திரப்பதிவு அலுவலகம் எனலாம். இன்னார் இவ்வளவு நிலம் விட்டார், அதன் எல்லைகள் இவை, இன்ன வரி நீக்கப்பட்டது, அணையாது ஒரு விளக்கெரிக்க இத்தனை ஆடுகள் என்றெல்லாம் வெட்டி வைத்தனர். விளக்கொன்றுக்குப் பெரும்பாலும் 96 ஆடுகள். அவ்வாடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். ஆட்டுக்கு மூப்பும் சாவும் உண்டு, அறத்துக்கு இல்லை. மந்தையில் ஒன்று இறந்தால் ஒன்று பிறக்க, முதல் என்றும் குறையாது நிற்கும். நெய் மட்டும் விளக்குக்குச் சேரும்.

இதைப் படிக்கும்போது வக்ஃபு உங்கள் நினைவுக்கு வருகின்றதன்றோ? கைபரில் கிடைத்த நிலத்தை என்ன செய்யலாம் என உமர் (ரலி) அவர்கள் வினவியபோது, முதலை நிறுத்திவைத்து அதன் விளைவை அறம் செய்யுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். விற்கவோ, அன்பளிப்பாக வழங்கவோ, வாரிசுரிமையாகப் பிரிக்கவோ இயலாத சொத்து அவ்வாறு உருவாயிற்று. மொழியும் மார்க்கமும் வேறாயினும், அறக்கொடையை என்றும் குன்றாமல் காக்க வேண்டும் என்ற கவலை இரு சாராருக்கும் ஒன்றே. அக்கவலை உள்ளவன் கொடையைப் பதிந்த கல்லை மண்ணில் எறியான்.

சோழ நாட்டில் பழமைக்கு என்றும் இத்தகைய மரியாதை கிடைத்தது என்றும் எண்ணிவிடலாகாது. அதே கொள்ளிடத்தில் கீழ்த்திசையே செல்லுங்கள். அணைக்கரையில் 1836இல் ஆங்கிலேயர் கீழணையைக் கட்டினர். அருகிலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் மதிற்கற்களையும் கோபுரக் கற்களையும் பெயர்த்து அணைக்குப் பயன்படுத்தினர். பாசனத்துக்கு அணை வேண்டியதே. ஆனால் பெயர்த்த கல்லில் என்ன எழுதியிருந்தது என்று படியெடுக்க ஒருவரும் கட்டளையிடவில்லை. ராஜேந்திரன் தன் தலைநகரில் எழுப்பிய கோயில் அது. தந்தை படியெடுக்கச் சொன்ன கல்வெட்டுகளைத் திருமழபாடியில் மீண்டும் வெட்டுவித்தவனின் சொந்தக் கோயிலுக்கே அக்கதி! எஞ்சிய கோயிலை 2004இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. ஆற்றில் போன கற்கள் போனவையே.

இனி மதீனா மாநகருக்கு வருவோம். ஹிஜ்ரி 88ஆம் ஆண்டு வாக்கில், உமையாக் கலீஃபா வலீதின் ஆணைப்படி மஸ்ஜிதுந் நபவி விரிவாக்கப்பட்டது. அப்போது மதீனாவின் ஆளுநராயிருந்தவர், பிற்காலத்தில் நீதிக்குப் பெயர் பெற்ற உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்). பள்ளியை ஒட்டியிருந்த அன்னையரின் அறைகள் அகற்றப்பட்டுப் பள்ளியோடு சேர்க்கப்பட்டன. மண்ணாலும் ஈச்சமட்டையாலும் ஆன, கையை உயர்த்தினால் கூரை தட்டுப்படும் சிற்றறைகள் அவை. அன்று மதீனத்து மக்கள் அழுததுபோல் என்றும் அழுததில்லை என வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். தாபியீன்களில் தலைசிறந்த ஸயீத் இப்னுல் முஸய்யிப் (ரஹ்) அவர்கள், அவ்வறைகளை அப்படியே விட்டிருக்கலாகாதா என வருந்தினார்கள். பின்வரும் தலைமுறையினரும் வெளியூரினின்று வருவோரும், அல்லாஹ்வின் தூதர் எத்தகைய எளிய வாழ்வோடு நிறைவடைந்தார்கள் என்பதைக் கண்ணால் கண்டு, பொருட்பெருக்கத்தில் போட்டியிடுவதைக் கைவிடுவார்களே என்பது அவர்களது ஏக்கம்.

இதனைச் சற்றே நின்று சிந்தியுங்கள். ஸயீத் (ரஹ்) அவர்கள் சுவரை வணங்கச் சொல்லவில்லை. பழைய கட்டடங்களைப் பேணினால் அது இணைவைப்புக்கு வழி திறந்துவிடும் என்று இக்காலத்தில் சிலர் அஞ்சுகின்றனர். கபுறுகளைப் பொறுத்து அந்த அச்சத்தில் நியாயமுண்டு என்போரும் இருக்கலாம். அவ்விவாதத்துக்குள் நான் புகவில்லை. ஆனால் பள்ளிவாசலின் தூணும் அதில் வெட்டிய எழுத்தும் யாரை வழிகெடுத்தன? புனித மக்காவில், உதுமானியத் துருக்கியர் 18ஆம் நூற்றாண்டில் கட்டிய அஜ்யாத் கோட்டை 2002இல் இடிக்கப்பட்டது. இன்று அங்கு 601 மீட்டர் உயர மணிக்கூண்டுக் கோபுரத்துடன் விடுதிகள் நிற்கின்றன. ஹாஜிகளுக்குத் தங்குமிடம் வேண்டும் என்பது மெய். அக்கோட்டை இருந்த குன்றையே இல்லாமற் செய்தது அதற்கு இன்றியமையாததா என்பதில் எனக்கு ஐயமுண்டு. அதே நாட்டில் ஜித்தாவின் பழைய நகரம் பேணப்பட்டு, 2014இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றதையும் காண்கிறோம்.

தமிழகத்தில் நம் நிலை யாது? கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் உள்ள பழம் பள்ளிகளைக் கண்டவர்கள் அறிவர்: கல் தூண்கள், கற்பலகை வேய்ந்த தட்டைக் கூரை, தூணின் தலையில் பூவேலை, உருவம் எதுவும் இல்லை. தமிழ்நாட்டுச் சிற்பியின் கைக்கு ஷரீஅத்தின் வரம்பு இட்ட அழகு அது. திருச்சிக் கோட்டை ரயில் நிலையத்தருகே உள்ள சிறிய கல்லுப் பள்ளி, ஹிஜ்ரி 116 எனக் காலங்குறிக்கும் அரபி எழுத்தைத் தாங்கி நிற்கின்றது. இத்தகைய பள்ளிகள் பல, இடம் போதவில்லை, கூரை ஒழுகுகிறது என்ற காரணங்களால் தரைமட்டமாக்கப்பட்டு, சிமெண்ட்டும் பளிங்குத் தரையும் பெற்றுள்ளன. காரணங்கள் பொய்யல்ல. ஜும்ஆவில் வெயிலில் நின்று தொழுபவருக்கு நிழல் வேண்டும். பெண்களுக்கு இடம் வேண்டும். எனினும் உட்பள்ளியை அப்படியே நிறுத்தி, முன்னும் பக்கமும் விரிவாக்க வழியுண்டா என்று பொறியாளரிடம் கேட்ட முத்தவல்லிகள் எத்தனை பேர்? சேப்பாக்கத்தில் நவாப் கட்டிய கலசமகால் 2012இல் தீக்கிரையாயிற்று. மேல்தளம் சரிந்த அக்கட்டடத்தைப் பொதுப்பணித்துறையினர் சுண்ணாம்புச் சாந்து கொண்டே மீட்டெடுத்தனர். எரிந்ததையே மீட்க முடியுமாயின், ஒழுகும் கூரையைச் சீராக்க முடியாதா?

ஒரு கல் எவ்வளவு பேசும் என்பதற்குத் திருப்புல்லாணியைச் சொல்லலாம். அங்குள்ள பெருமாள் கோயிலில் பாண்டியர் காலக் கல்வெட்டொன்று, பவித்திரமாணிக்கப்பட்டினத்தில் சோனகர் எழுப்பிய பள்ளிக்கு இறையிலி நிலம் அளித்த செய்தியைக் கூறுகின்றது. சோனகர் என்பது நம் முன்னோரே. நம் பள்ளிக்குக் கிடைத்த மானியத்தின் சாட்சி ஒரு வைணவக் கோயிலின் கல்லில் இன்னும் நிற்கின்றது. அவர்கள் காத்த கல்லால் நம் வரலாறு பிழைத்தது.

வரலாறு மட்டுமன்று, உரிமையும் இதில் அடங்கியுள்ளது. வக்ஃபுப் பத்திரம் இல்லாவிடினும், நெடுங்காலம் தொழுகைக்கும் அடக்கத்துக்கும் பயன்பட்டு வந்த இடம் வக்ஃபே என்று சட்டம் ஏற்று வந்தது. 2025ஆம் ஆண்டு வக்ஃபு திருத்தச் சட்டம் அந்தப் 'பயன்பாட்டு வக்ஃபு' என்ற வகையை இனிவருங்காலத்துக்கு நீக்கிவிட்டது. முன்பே பதிவானவை நீடிக்கும். வழக்கிலுள்ளவையும் அரசு நிலம் எனப்படுபவையும் நீங்கலாக. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சில பிரிவுகளை இடைக்காலமாக நிறுத்தியபோதும், இந்த நீக்கத்தை நிறுத்தவில்லை. ஆகவே நானூறு ஆண்டுப் பள்ளியொன்றுக்குக் காகிதம் இல்லையெனில், நிலைவாயிலின் மேல் வெட்டிய மூன்று வரிகளே அதன் பத்திரமாகலாம். அந்த மூன்று வரிகளைத்தான் நாம் உடைத்து அடித்தளத்தில் கொட்டுகின்றோம்.

இங்கே நகரமைப்பின் பங்கு வருகின்றது. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்கீழ் நகரங்களுக்கு முழுமைத் திட்டம் வகுக்கப்படுகிறது. எத்தெரு வீடுகளுக்கு, எது கடைகளுக்கு, எது தொழிற்சாலைக்கு என நிலப்பயன்பாடு அதில் வரையறுக்கப்படும். வரைவு வெளியிடப்பட்டு மக்களின் ஆட்சேபமும் ஆலோசனையும் கேட்கப்படும். அவ்வேளையில் வணிகர் சங்கங்கள் எழுதுகின்றன. மனை விற்போர் எழுதுகின்றனர். எங்கள் பழம்பள்ளியையும் அதன் ஹவுளையும் மையவாடியையும் சுற்றியுள்ள பழந்தெருவையும் பாரம்பரிய இடமாகக் குறித்துக்கொள்ளுங்கள் என எழுதும் ஜமாஅத் அரிது.

எழுதாததற்கு ஓர் அச்சம் காரணம்; அதனைப் புறந்தள்ளுதல் தகாது. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் ஒரு சின்னம் வந்துவிட்டால், 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அதனைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்ப இயலாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். ஏழையின் ஓட்டு வீட்டுக்கும் அச்சட்டமே. போதாக்குறைக்கு, பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் மீது செய்யப்பட்ட வக்ஃபு அறிவிப்பு செல்லாது என்று 2025 திருத்தம் கூறுகின்றது. தொழுகை நடக்கும் பள்ளியைக் காட்டிக் கொடுத்து இழப்பதா என ஒரு முத்தவல்லி தயங்கினால் அவரைக் குறை கூறேன்.

ஆயினும் நகரமைப்புப் பட்டியல் என்பது வேறு. சென்னையில் விளம்பரப் பலகைகள் குறித்த வழக்கில் 2010இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, நீதிபதி பத்மநாபன் குழு தொகுத்த 467 கட்டடங்களின் பட்டியலைக் கொண்டு பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும்படி கூறியது. இத்தகைய பட்டியலால் உடைமை கைமாறுவதில்லை, தொழுகை தடைப்படுவதில்லை, இடிக்கவும் மாற்றவும் முற்படும்போது குழுவின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பதே அதன் கட்டுப்பாடு. சென்னைக்கு வெளியே அத்தகைய ஏற்பாடு இன்றும் மெலிந்தே உள்ளது. 2012இல் சட்டமன்றம் பாரம்பரிய ஆணையச் சட்டம் இயற்றியும், ஆணையம் அமையாமலே ஆண்டுகள் பல கழிந்தன. அரசின் மெத்தனம் நமக்குச் சாக்காக வேண்டா.

சட்டம் ஏதும் இல்லாமலே ஒரு ஜமாஅத் செய்யக்கூடியது, திருமழபாடியில் செய்யப்பட்டதே. இடிப்பது என்று முடிவாகிவிட்டதா? முதலில் பள்ளியை அளந்து வரைபடம் எழுதுங்கள், தூண்தோறும் படமெடுங்கள், எழுத்துள்ள ஒவ்வொரு கல்லுக்கும் மைப்படி எடுக்கச் செய்யுங்கள். வெள்ளையடித்து மறைந்த எழுத்து, சுவரைச் சுரண்டாமல் மெல்லக் கழுவினால் வெளிப்படும். உளியைக் கிட்டே கொண்டு செல்ல வேண்டா. பெயர்த்த கல்லைப் புதிய சுவரில், நிற்பவர் வாசிக்கும் உயரத்தில் பதித்துவிடலாம். படியின் ஒரு பிரதி பள்ளியில், ஒன்று வக்ஃபு வாரியத்தில், ஒன்று மாநிலத் தொல்லியல் துறையில் இருக்கட்டும். அரபி, பாரசீகக் கல்வெட்டுகளை ஆராயும் மத்தியத் தொல்லியல் துறையின் பிரிவு நாகபுரியில் உள்ளது. அரபுத்தமிழில் எழுதியதாயின், தமிழ்க் கல்வெட்டு அறிந்தவரும் அரபி அறிந்தவரும் சேர்ந்தமர்ந்தே வாசிக்க வேண்டியிருக்கும். அரபுத்தமிழ் ஓதிப் பழகிய முதியோர் கடலோர ஊர்களில் இன்னும் சிலர் உளர். அவர்களுக்கு வயது ஏறிக்கொண்டிருக்கிறது.