மேசையில் 2 வோல்ட்... சுவரில் 230 வோல்ட்! ஆய்வகத்தில் எது ஆபத்து?

அரூரிலிருந்து வளைந்து வளைந்து மேலேறினால் வருகிறது சித்தேரி. தருமபுரி மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையில், மலையாளி பழங்குடி மக்கள் வாழும் ஊர். இப்படியொரு மலைக்கிராமத்துப் பள்ளி ஆய்வகத்தில் ஒரு மாணவருக்கு ஷாக் அடித்தால், பெரிய சிகிச்சைக்கு மலையிறங்கித்தான் ஆக வேண்டும். மின்சாரத் தாக்குதலில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். அதனால், ஷாக் அடிக்காமல் பார்த்துக்கொள்வது சமவெளியைவிட மலையில் இன்னும் அவசியம்.

எங்கே ஒளிந்திருக்கிறது ஆபத்து?

ப்ளஸ் டூ இயற்பியல் செய்முறையில் மீட்டர் சமனச்சுற்று எல்லோருக்கும் தெரியும். நீளமான கம்பி, கால்வனோமீட்டர், தொடுசாவி, குறுக்கும் நெடுக்குமாக வயர்கள். பார்த்தாலே பயமாக இருக்கும். ஆனால், அதில் ஓடுவது சுமார் 2 வோல்ட்தான். அந்தக் கம்பியைத் தொட்டால் பெரிதாக எதுவும் தெரியாது.

ஆபத்து இருப்பது, யாரும் கவனிக்காத இடத்தில். அந்த 2 வோல்ட்டைத் தரும் பேட்டரி எலிமினேட்டர், சுவரில் உள்ள 230 வோல்ட் பிளக் பாயின்ட்டில்தான் மாட்டப்பட்டிருக்கிறது. நிறமாலைமானி சோதனைக்கான சோடியம் ஆவி விளக்கும் அப்படித்தான். தோல் உரிந்த ஒயர், உடைந்த பிளக், ஆடும் சாக்கெட்... இவைதான் வில்லன்கள்.

ஓம் விதியே சொல்லும் பாடம்

பத்தாம் வகுப்பில் படித்த ஓம் விதியை நம் உடம்பில் போட்டுப் பார்க்கலாம். காய்ந்த தோலின் மின்தடை ஒரு லட்சம் ஓம் வரைகூட இருக்கலாம். அப்போது 230 வோல்ட் பட்டால் உடலில் பாய்வது 2.3 மில்லி ஆம்பியர். சுருக்கென்று இருக்கும், கையை உதறிவிடலாம்.

அதே கை ஈரமாக இருந்தால் உடலின் மின்தடை சுமார் 1,000 ஓமாகக் குறையலாம். இப்போது பாய்வது 230 மில்லி ஆம்பியர்! சுமார் 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே தசைகள் இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். 'கரன்ட் ஆளை இழுத்துப் பிடிச்சுக்கிச்சு' என்று ஊரில் சொல்வது இதைத்தான். 100 மில்லி ஆம்பியர் இதயத் துடிப்பையே குலைத்துவிடக்கூடும்.

வேதியியல் சோதனை முடித்து, கை கழுவிய ஈரத்தோடு நேராக இயற்பியல் மேசைக்குப் போகக் கூடாது என்பது இதனால்தான்.

செருப்பைக் கழற்றலாமா?

ஆய்வக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவது பல பள்ளிகளில் வழக்கம். மரியாதைக்காகவும் தூசி வராமல் இருக்கவும் வந்த பழக்கம். ஆனால், மின்சாரம் தரைக்குப் போகத்தான் வழி தேடும். வெறுங்காலோடு, அதுவும் ஈரத் தரையில் நின்றால், அந்த வழி நம் உடம்புதான்.

இதே தருமபுரி மாவட்டத்தில், மாரண்டஅள்ளி அருகே 2023 மார்ச்சில் சட்டவிரோத மின்வேலியில் சிக்கி 3 யானைகள் இறந்தன. அத்தனை பெரிய உடம்புக்கே அந்தக் கதி. அறிவியல் ஆய்வகத்துக்குள் காய்ந்த ரப்பர் அடிப்பாகம் உள்ள செருப்போ, ஷூவோ காலில் இருக்கட்டும்.

மலையில் 'எர்த்' கவனம்

மூன்று முள் பிளக்கில் ஒரு முள் மட்டும் நீளமாகவும் தடிமனாகவும் இருக்கும். அதுதான் எர்த். மாட்டும்போது முதலில் சேரவும், கழற்றும்போது கடைசியாகப் பிரியவும் இந்த ஏற்பாடு. அதை உடைத்துவிட்டு இரண்டு முள்ளில் ஓட்டுவது உயிரோடு விளையாடுவது.

பாறையும் கல்லும் நிறைந்த மண், வெயிலில் காய்ந்துவிட்டால் மின்சாரத்தைச் சரியாக உள்வாங்காது. எனவே எர்த் குழியில் கரியும் உப்பும் இருக்கின்றனவா என்று பார்த்து, கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது எலெக்ட்ரீஷியனை அழைத்து அளந்து பார்ப்பது நல்லது. இடி இடிக்கும்போது சோதனையை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

எம்.சி.பி. இருந்தால் போதுமா?

போதாது. எம்.சி.பி. காப்பாற்றுவது ஒயரை. ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அதிலுள்ள 'டெஸ்ட்' பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்... ஒரே நேரத்தில் ஃபேஸையும் நியூட்ரலையும் தொட்டால், கசிவு இல்லாததால் இதுவும் கைகொடுக்காமல் போகலாம்.

ஷாக் அடித்துவிட்டால்?

* ஆளைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால், காய்ந்த மரக்கட்டையால் ஒயரைத் தள்ளிவிடுங்கள்.

* 108-க்கு அழையுங்கள்.

* மூச்சு இல்லையென்றால், நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, சுமார் 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் மலையேறி வரும்வரை நிறுத்தக் கூடாது. களைத்துவிட்டால் ஆள் மாற்றிக்கொள்ளலாம்.

* எழுந்து உட்கார்ந்து 'ஒண்ணுமில்ல' என்று சொன்னாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

அடுத்த செய்முறை வகுப்பில் மீட்டர் சமனச்சுற்றை எடுத்து வைக்கும் முன், ஆசிரியர் ஒரு கேள்வி கேட்கட்டும்: 'மெயின் ஸ்விட்ச் எங்கே இருக்கு?' வகுப்பில் எல்லாக் கைகளும் ஒரே பக்கம் நீண்டால், சோதனையைத் தொடங்கலாம்.