கைவித்தையும் கௌரவமும்
ஜொகூர் பாருவின் கடைவீதியில், கறுப்புக் கண்ணாடிக் கதவும் மினுக்கும் விளக்குமாய் நிற்கும் மசாஜ் கடைகளைக் கண்டு முகஞ்சுளிக்கும் கனவான்கள், அதே நகரத்துச் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையிலேயே, பக்கவாதத்தால் துவண்ட கைகால்களை முறைப்படி உருவிவிடும் பாரம்பரிய மருத்துவப் பிரிவொன்று அரசாங்க ஆதரவில் நடைபெற்று வருவதை ஏனோ மறந்துவிடுகிறார்கள். பிள்ளை பெற்ற மகளுக்கு எண்ணெய் காய்ச்சி, இடுப்பை அமுக்கி உடம்பு பிடித்துவிடும் கிழவியை வீட்டுக்குள் அழைத்து, வெற்றிலை பாக்கோடு உபசரிக்கும் நாம், அந்த வித்தையையே ஜீவனமாகக் கொண்டு கடையில் அமர்ந்தவரைச் சந்தேகிப்பது விசித்திரமான நியாயந்தான். சிகிச்சையாக இதைச் செய்வோரைப் பதிவுக்குட்படுத்த 2016-ஆம் ஆண்டிலேயே பாரம்பரிய மருத்துவச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. ஆதலால், வாசகர்களே, வைத்தியமென்று நாடிப் போகுமிடத்தில் முதலில் பதிவுப் பத்திரத்தைக் கேளுங்கள்.