குத்தகைக்கு விட்டார்கள், கிரயம் எழுதித் தரவில்லை

அமெரிக்காவின் மார்வெல் நிறுவனம் 1969இல் வெளியிட்ட ‘சில்வர் சர்ஃபர்’ ஐந்தாம் இதழின் வாசகர் பகுதியில் வெண்டி ஃபிளெட்சர் என்ற கலிஃபோர்னியப் பெண்ணின் கடிதம் வந்தது. அந்தக் காலத்தில் கடிதத்துக்குக் கீழே எழுதியவரின் முழு முகவரியையும் அச்சிட்டுவிடுவார்கள். பாஸ்டன் பக்கம் எம்.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்த ரிச்சர்ட் பினி அதைப் பார்த்து ஒரு கடிதம் போட்டார். பதில் வந்தது. கடிதப் போக்குவரத்து வளர்ந்து 1972இல் கல்யாணத்தில் வந்து நின்றது. அடுத்த ஆறாவது ஆண்டு, 1978இல், இருவரும் சேர்ந்து ஒரு காமிக்ஸ் தொடங்கினார்கள். அதன் பெயர் ‘எல்ஃப்குவெஸ்ட்’.

சிறுவயதில் அதைப் படித்தவர்கள் இன்று அறுபதை ஒட்டிய வயதில் பழைய இதழ்களைத் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அதே கதையைக் கைப்பேசியில் படிக்கிறார்கள். இப்படி மீண்டும் கண்டெடுக்கப்படும் படைப்புகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ரசிகர்களின் பிரியத்தையும் சேகரிப்பாளர்களின் பொறுமையையும் புகழ்வது வழக்கம். புகழட்டும். ஆனால் எல்ஃப்குவெஸ்ட் பிழைத்துக் கிடந்ததற்கு முதல் காரணம் வேறு. கதையின் உரிமைப் பத்திரம் அதைப் படைத்த தம்பதியின் கையை விட்டுப் போகவில்லை.

கதையை அறியாதவர்களுக்குக் கொஞ்சம். இரண்டு நிலாக்கள் கொண்ட ஓர் உலகம். அங்கே காட்டுக்குள் வாழும் கூர்காது எல்ஃப் கூட்டம் ஒன்று. ஓநாய்மேல் சவாரி செய்பவர்கள். உடம்பில் ஓநாய் ரத்தமும் ஓடுவதால் மற்ற எல்ஃப்களைப்போல் இவர்களுக்குச் சாகாவரம் கிடையாது. மனிதர்கள் இவர்களுடைய காட்டைக் கொளுத்திவிடுகிறார்கள். அடைக்கலம் கேட்டுப் பாதாளத்தில் இருக்கும் டிரால்களிடம் போனால், அவர்கள் சுரங்கப்பாதை வழியாகக் கூட்டிச்சென்று பாலைவனத்தில் தள்ளி, பின்னாலேயே பாதையை இடித்து மூடிவிடுகிறார்கள். எப்போதும் ஒரே திசையைக் காட்டும் காந்தக்கல் ஒன்றை வைத்துக்கொண்டு, கட்டர் என்ற இளம் தலைவன் தன் கூட்டத்தோடு மணலைக் கடக்கிறான். தங்களைப்போன்ற எல்ஃப்கள் வேறெங்கோ இருக்கிறார்கள் என்று அதன்பிறகுதான் தெரியவருகிறது. சிதறிப்போன சொந்தங்களைத் தேடிப் புறப்படுவதுதான் மீதிக் கதை.

முதல் நெடுங்கதையை வரைந்தது முழுக்க வெண்டி. ஜப்பானியக் காமிக்ஸைக் குறிக்கும் மாங்கா என்ற சொல்லே அமெரிக்க வாசகர்களுக்குப் பழகாத நாளில், அவருடைய பெருங்கண் முகங்களில் ஜப்பானியச் சாயல் இருந்தது. சூப்பர் ஹீரோக்களின் முஷ்டியும் முறுக்கேறிய புஜமுமாக நிரம்பியிருந்த காமிக்ஸ் கடைகளுக்குள் பெண் வாசகர்களை அழைத்துவந்த தொடர்களில் இது முக்கியமானது.

முதல் கதை 1978இல் ‘ஃபேண்டசி குவார்ட்டர்லி’ என்ற பத்திரிகையில் வந்தது. மட்டமான நியூஸ்பிரிண்ட் தாள்; அச்சும் அப்படித்தான். அந்தப் பத்திரிகை ஒரே இதழோடு நின்றுபோனது. இனி யாரிடமும் போய் நிற்க வேண்டாம் என்று முடிவெடுத்த தம்பதி, இருவர் பெயரின் முதலெழுத்துகளையும் கோத்து ‘வார்ப் கிராஃபிக்ஸ்’ என்ற சொந்தப் பதிப்பகத்தைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் இரண்டாம் இதழ் அவர்கள் செலவிலேயே வந்தது. வெண்டி வரைவார், ரிச்சர்ட் கணக்குப் பார்ப்பார், பதிப்பிப்பார், ஊர் ஊராகக் காமிக்ஸ் மாநாடுகளுக்குப் போவார் என்பதாக வேலை பிரிந்தது.

காலமும் கைகொடுத்தது. ஃபில் சூலிங் என்ற நியூயார்க் வியாபாரி எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு புது விற்பனை முறையைக் கொண்டுவந்திருந்தார். காமிக்ஸ் கடைக்காரர்கள் கூடுதல் கழிவில் இதழ்களை வாங்கிக்கொள்வார்கள். விற்காததைத் திருப்பித் தர முடியாது. பேப்பர் கடைகளை நம்பினால் கட்டுக்கட்டாகத் திரும்பி வரும் இதழ்களிலேயே சிறு பதிப்பாளர் மூழ்கிப்போவார். இந்த முறையில் எத்தனை இதழ் போகும் என்று முன்கூட்டியே தெரியும்; அதற்கேற்ப அச்சடிக்கலாம். எல்ஃப்குவெஸ்ட் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தது. 1984 வரை 20 இதழ்களில் முதல் நெடுங்கதை முடிந்தது.

இன்று சேகரிப்பாளர்கள் தேடுவது அந்த 20 இதழ்களைத்தான். சாதாரண காமிக்ஸைவிடப் பெரிய பத்திரிகை அளவு. வழக்கமான பிளாஸ்டிக் உறைக்குள் நுழையாது. வண்ணத்தில் அட்டை, உள்ளே கறுப்பு வெள்ளை. தொடக்க இதழ்களில் எது முதல் அச்சு என்று அட்டை விலையை வைத்தே சொல்லிவிடலாம். ஒரு டாலர் என்றால் முதல் அச்சு. ஒன்றேகால், ஒன்றரை என்றால் பிற்பாடு அடித்தது. இந்தப் பழைய இதழ்களில் இன்னொன்றும் உண்டு: வாசகர் கடிதங்கள். கதையில் எல்ஃப்கள் வாழும் காட்டுக் குடியிருப்புக்கு ‘ஹோல்ட்’ என்று பெயர். ரசிகர்கள் தங்கள் ஊர்க் குழுக்களுக்கும் அதே பெயரைச் சூட்டி, தங்களுக்கென்று எல்ஃப் பாத்திரங்களைக் கற்பனை செய்துகொண்டார்கள். கதைகளை மட்டும் திரட்டிப்போட்ட தொகுப்பு நூல்களில் இந்தக் கடிதங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. பழைய இதழுக்குப் பணம் கொடுப்பதில் நியாயம் இருக்கிறதென்றால், அது இந்தப் பக்கங்களுக்காகத்தான்.

அதற்குமேல் பதிப்புகளின் வரலாறு ஒரு வீட்டுக்கு அடுத்தடுத்துக் குடிவந்தவர்களின் பட்டியல்போல இருக்கும். 1981 முதல் டானிங் நிறுவனம் வண்ணத் தொகுப்புகளாக வெளியிட்டுப் புத்தகக் கடைகளுக்குக் கொண்டுபோனது. 1985இல் மார்வெலின் எபிக் பிரிவு குத்தகைக்கு எடுத்து, அந்த 20 இதழ்களை வண்ணத்தில் 32 இதழ்களாகப் பிரித்துப் பேப்பர் கடைகளில் விற்றது. 2003இல் டிசி காமிக்ஸ் வந்தது. கெட்டி அட்டைத் தொகுப்புகளோடு, மாங்கா அளவில் சிறு புத்தகங்களும் போட்டது. 2007இல் அந்த ஒப்பந்தம் முடிந்தது. பிறகு டார்க் ஹார்ஸ். ஒவ்வொருவரும் தங்களுக்கு ஏற்றபடி வெள்ளையடித்தார்கள், சுவரைக்கூட மாற்றிப் பார்த்தார்கள். குத்தகை முடிந்ததும் சாவி பினி தம்பதியிடமே திரும்பி வந்தது.

இது எவ்வளவு அபூர்வம் என்பதற்கு அமெரிக்கக் காமிக்ஸ் வரலாறே சாட்சி. சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷுஸ்டரும் 1938இல் 130 டாலருக்கு மொத்த உரிமையையும் எழுதிக் கொடுத்தார்கள். மார்வெல் உலகத்தின் பாதியை வரைந்த ஜாக் கிர்பி, தன் கையால் வரைந்த மூலப் பக்கங்களைத் திரும்பப் பெறவே எண்பதுகளில் போராட வேண்டியிருந்தது.

‘மிராக்கிள்மேன்’ கதை வாசகர்களுக்கும் வயிற்றெரிச்சல். ஆலன் மூர் எழுதிய அந்தத் தொடர் அமெரிக்காவில் 1985 முதல் வந்துகொண்டிருந்தது. 1993இல் நின்றது. உரிமை யாருக்கு என்ற சிக்கலில், மறுபதிப்புத் தொடங்க 2014 ஆனது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் பழைய இதழ்களின் விலை ஏறியது. 15ஆம் இதழைத் தேடி அலைந்தவர்கள் அநேகம். வைத்திருந்தவர்களுக்கு லாபம்தான். படிக்க ஆசைப்பட்டவர்களோ, அதை எழுதியவர் யார் என்று மட்டும் தெரிந்துகொண்டு காத்திருந்தார்கள். சேகரிப்புச் சந்தையின் கொண்டாட்டமும் வாசகரின் பஞ்சமும் ஒரே காரணத்திலிருந்து வரலாம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

உரிமை படைப்பாளியிடம் இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. தொண்ணூறுகளில் இதே பினி தம்பதி எல்ஃப்குவெஸ்ட்டை ஏராளமான கிளைத் தொடர்களாகப் பெருக்கினார்கள். ‘ஹிடன் இயர்ஸ்’, ‘நியூ பிளட்’, ‘ஷார்ட்ஸ்’, ‘ஜிங்க்’ என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. பலவற்றை வரைந்தது வேறு கைகள். எதைப் படிப்பது, எந்த வரிசையில் படிப்பது என்று ரசிகர்களே தலையைச் சொறிந்தார்கள். இன்று முழுத் தொகுதியும் சேர்க்கிறேன் என்று இறங்குகிறவர் மூச்சுமுட்டும் இடமும் இதுதான். வெளியார் கெடுத்தார்கள் என்று பழிபோட முடியாத தவறு.

ஆனால் அதே கைகள் 2008இல் எந்தப் பெருநிறுவனமும் எளிதில் துணியாத காரியத்தைச் செய்தன. தொடரின் முப்பதாம் ஆண்டில், அதுவரை வந்த இதழ்களை வரிசையாக இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட ஆரம்பித்தார்கள். யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும்? இருவரும் இருப்பது ஒரே வீட்டில். ஓசியில் கொடுத்தால் அச்சுப் புத்தகத்தை யார் வாங்குவார்கள் என்ற கேள்விக்குப் பதிலும் கிடைத்தது. 2014 முதல் டார்க் ஹார்ஸ் பழைய கதைகளைக் கறுப்பு வெள்ளையிலேயே தடித்தடித் தொகுப்புகளாக அச்சிட்டது. கூடவே ‘ஃபைனல் குவெஸ்ட்’ என்ற புதிய கதை 24 இதழ்களாக வந்து, 2018 பிப்ரவரி 28 அன்று முடிந்தது. தொடங்கி 40 ஆண்டுகள் ஆகியிருந்தன. இதற்கிடையே 2013இல் தம்பதியின் ஆவணங்கள் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் அரிய நூல் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. எதிர்கால ஆய்வாளர் ஒருவர் யாருடைய பரணையும் குடைய வேண்டியதில்லை.

ஆகவே புதிதாகத் தேடத் தொடங்குகிறவர் முதலில் ஓசியில் படித்துவிடுவது நல்லது. பிடித்திருந்தால், திரையில் கிடைக்காத அந்தப் பெரிய தாளுக்காகவும் கடிதப் பக்கங்களுக்காகவும் பழைய இதழை வாங்கலாம். தொடக்க இதழின் அட்டையில் ஒன்றரை டாலர் என்று போட்டிருந்தால் வியாபாரி உதட்டைப் பிதுக்குவார், விலையும் குறையும். மூலை மடங்கி, முதுகில் பின் துருப்பிடித்த பிரதி என்றால் இன்னும் குறையும். வாங்கிப் பிரித்தால் முதல் இதழின் கடைசியில் சுரங்கம் இடிந்து மூடிக்கொள்ள, எதிரே விரிந்து கிடக்கும் மணலைப் பார்த்தபடி கட்டர் தன் ஓநாய்களோடு நிற்கிறான், ஒரு டாலர் பிரதியில் நிற்கிற அதே இடத்தில்.