தாடையில் கால் எலும்பு

வாய்ப் புற்றுநோய்க்காகக் கீழ்த்தாடையின் ஒரு பகுதியை வெட்டி எடுத்து, அந்த இடத்தில் காலிலிருந்து எடுத்த எலும்பைப் பொருத்தியிருக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து எக்ஸ்ரே எடுத்தால், பழைய எலும்புக்கும் புதிய எலும்புக்கும் நடுவே கறுப்புக் கோடு தெரிகிறது. வீட்டில் கலவரம். ஆபரேஷன் வீணாகிவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. காரணத்தைப் புரிந்துகொள்ள ரத்தத்திலிருந்து தொடங்க வேண்டும்.

முன்பெல்லாம் இடுப்பெலும்பில் ஒரு துண்டை வெட்டித் தாடையில் பொருத்துவார்கள். ரத்த ஓட்டம் இல்லாததால் அது ஏறக்குறைய உயிரற்ற துண்டு. உடல் அதை மெல்ல அரித்துத் தின்று, அதே இடத்தில் புது எலும்பை வளர்த்துக்கொள்ள வேண்டும். சிறிய இடைவெளிகளுக்கு இன்றும் இது போதும். நீளமான இடைவெளிக்கும் ரேடியேஷன் பட்ட தாடைக்கும் நம்ப முடியாது.

எலும்பை அதன் ரத்தக் குழாய்களுடன் எடுத்து இன்னோர் இடத்தில் இணைக்கும் முறையை மெல்பர்னைச் சேர்ந்த இயான் டெய்லர் குழு 1975-ல் வெளியிட்டது. அதில் பயன்பட்டது முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாக உள்ள ஃபிபுலா எனும் மெல்லிய எலும்பு. உடல் எடையைத் தாங்குவது பெரும்பாலும் பக்கத்து எலும்புதான் என்பதால் இதை எடுத்தாலும் நடக்கலாம். (கணுக்கால் பக்கம் ஆறேழு சென்டிமீட்டரை விட்டுவிடுவார்கள்.) நியூயார்க் சர்ஜன் டேவிட் ஹிடால்கோ 1989-ல் இதே எலும்பால் தாடையை அமைத்துக் காட்டினார். எலும்பின் தமனியையும் சிரையையும் கழுத்துக் குழாய்களோடு மைக்ராஸ்கோப்பின் கீழ் தைக்கிறார்கள். எலும்பு உயிரோடு இருப்பதால், முறிந்த கை கூடுவதைப் போலவே இதுவும் கூடும்.

பிறகு ஏன் அந்தக் கோடு? ஃபிபுலா நேரானது, தாடை வளைந்தது. இரண்டு மூன்று இடங்களில் வெட்டி மடித்துத்தான் தாடையின் வடிவுக்குக் கொண்டுவர முடியும். ஆக, ஒவ்வொரு வெட்டும் ஒரு முறிவு. டைட்டானியம் தகடு அசைவை அடக்கிவிடுவதால், கை முறிவில் திரளும் புது எலும்பு இங்கே அவ்வளவாகத் தெரியாது. கோடு மாதக்கணக்கில் மெல்ல மங்கும். முனைகள் நெருக்கமாகப் பொருந்தாத இடத்தில் இன்னும் தாமதமாகும்.

ரேடியேஷனும் தாமதப்படுத்தும். அது புற்றணுக்களோடு எலும்பை வளர்க்கும் அணுக்களையும் தாக்குகிறது. 'எலும்பு கூடட்டும், பிறகு ரேடியேஷனுக்குப் போகலாம்' என்று ஊருக்குத் திரும்பிவிடுபவர்கள் போடுவது ஆபத்தான கணக்கு. ரேடியேஷன் தேவை என்று டாக்டர் சொல்லியிருந்தால், அறுவைச் சிகிச்சை முடிந்து ஆறு வாரத்துக்குள் அதைத் தொடங்குவதே நல்லது. அதற்குள் எந்த எலும்பும் முழுதாகக் கூடியிருக்காது. எலும்பு காத்திருக்கும், புற்றுநோய் காத்திருக்காது.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் வரும் 'நான் யூனியன்' என்ற சொல்லைத் தமிழில் 'ஒட்டவில்லை' என்று சொன்னால், எலும்பு கழன்று விழப்போவதாக நோயாளி நினைக்கிறார். கிராமத்தில் 'இன்னும் கூடலை' என்பார்கள். எனக்கு அதுதான் சரியான மொழிபெயர்ப்பாகப் படுகிறது. எக்ஸ்ரேயில் கூடாத எலும்பும் நார்த்திசுவாலும் தகடாலும் உறுதியாக நிற்கலாம். சாப்பிடவும் பேசவும் தடையிருக்காது. சீழ், வெளியே தெரியும் தகடு, கழன்ற திருகு, ஒட்டாமல் விலகும் மேல்கீழ்ப் பற்கள், புதிதாக வந்த வலி - இவைதான் உடனே ஓட வேண்டிய அறிகுறிகள்.

இந்திய ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். பெரும் காரணம் புகையிலை. 2012 முதல் பல மாநிலங்கள் குட்காவைத் தடை செய்தும், பான் மசாலா ஒரு பாக்கெட்டிலும் புகையிலை இன்னொன்றிலுமாக அது கடைகளில் தொங்கியது. நிக்கோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். தைத்த குழாய் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலம்தான் இருக்கும்.

பல் கட்டும் ஆசை கடைசியில் வரும். புது எலும்பில் திருகு வைத்துப் பல் பொருத்தலாம். பல மாதம் பொறுக்க வேண்டும். ஆனால் மிச்சமிருக்கும் சொத்தைப் பல்லைப் பிடுங்குவதானால் ரேடியேஷனுக்கு முன்பே பிடுங்கிவிட வேண்டும். அதன் பிறகு பிடுங்கினால் அந்தப் புண் ஆறாமல் எலும்பே அழுகிப்போகக்கூடும்.