பழைய பக்கத்தைக் காணோம்!

சகோதரிகளே, போன மாதம் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். கைவைத்தியக் குறிப்புகளை வலைப்பூவில் எழுதி வருகிறேன். கைக்குழந்தையின் இருமலுக்கு 'நாக்கில் ஒரு சொட்டுத் தேன்' என்று ஒருமுறை எழுதிவிட்டேன். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாதாம். அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி, பிஞ்சுக் குடலில் வளர்ந்து விஷத்தை உண்டாக்குமாம். டாக்டரம்மா சொன்னதும் எனக்குப் பகீரென்றது.

உடனே திருத்த உட்கார்ந்தால், பழகின நிர்வாகப் பக்கத்தைக் காணோம்! எதைத் தொட்டுத் தொலைத்தேனோ, ஏதோ புதுத் தோற்றம்தான் வந்து வந்து நின்றது. ராத்திரி பூரா தூக்கமில்லை. எந்த வீட்டில் எந்தப் பிள்ளைக்குத் தடவுகிறார்களோ!

காலையில் நாத்தனார் மகள் வந்தாள். "வேர்ட்பிரஸ்தானே அத்தை? உங்க வலைப்பூ முகவரிக்குப் பின்னால ஒரு சாய்கோடு, அப்புறம் டபிள்யூ, பி, ஒரு சின்னக் கோடு, அட்மின். இடைவெளி விடாம இங்கிலீஷ்ல அடிங்க" என்றாள். அடித்தேன். இடது பக்கம் அந்தப் பழைய கறுப்புப் பட்டை! முதல் வேலையாகத் தேனை எடுத்தேன். முகவரியை மளிகை நோட்டு அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன்.

முன்பே குறித்துக்கொண்ட தாய்மார்கள் தயவுசெய்து அந்த வரியை அடித்துவிடுங்கள்.