நிப்பட்டுக்கு முத்திரை வரலாம், கூலிக்கு?

ஊர்ப் பெயரைத் தின்பண்டத்தோடு சேர்த்து விற்பது நமது நாட்டில் பழைய வியாபாரம். மணப்பாறை என்றால் முறுக்கு, கோவில்பட்டி என்றால் கடலை மிட்டாய், ஊட்டி என்றால் வர்க்கி. ஊருக்குப் போனவர் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்பது ஏழைக் குடும்பத்திலும் உள்ள மரியாதை. அந்த மரியாதையை நம்பித்தான் பஸ் நிலையத்துப் பேக்கரிகளில் கண்ணாடிப் பெட்டிகள் நிறைகின்றன.

தெற்கே தட்டை என்றும் சேலத்தில் தட்டுவடை என்றும் சொல்வதை, கன்னடச் சீமையை ஒட்டிய நமது தருமபுரிப் பக்கத்தில் நிப்பட்டு என்கிறோம். சொல்லே கன்னடத்திலிருந்து எல்லை தாண்டி வந்ததுதான். அரிசி மாவு, பொட்டுக்கடலை மாவு, வேர்க்கடலை, எள், மிளகாய், கறிவேப்பிலை: இவ்வளவுதான் சரக்கு. ஈரம் சுண்டும்வரை எண்ணெயில் வேகிறபடியால் பல நாள் கெடுவதில்லை. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிற தோழரின் பையில் அதுதான். ஒகேனக்கல் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் வாங்கும் பொட்டலமும் அதுதான்.

சரக்கு எளியது, வேலை எளியதல்ல. உருண்டை ஒவ்வொன்றையும் கையால் தட்ட வேண்டும். கனம் ஏறினால் நடுவில் வேகாது, மெலிந்தால் கருகும். தீ மிஞ்சினால் மேலே சிவந்து உள்ளே நமத்துப் போகும். இந்தப் பக்குவமெல்லாம் தட்டுகிற பெண்ணின் விரலிலும், கொதிக்கும் வாணலி முன்னால் மணிக்கணக்காக நிற்பவரின் கண்ணிலும் இருக்கிறது. ஊட்டியில் வர்க்கிக்கு மாவை மடித்து மடித்து அடுக்கி விறகு அடுப்பில் சுடுகிறவர்கள் கதையும் இதே கதைதான். ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது இந்தக் கைகள். அந்தப் பேரால் வரும் காசு எங்கே போகிறது?

இப்போது பேருக்கு சர்க்கார் முத்திரையும் உண்டு. புவிசார் குறியீடு என்கிறார்கள். 2019இல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும், 2020இல் கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கும், 2023இல் மணப்பாறை முறுக்குக்கும் ஊட்டி வர்க்கிக்கும் அது கிடைத்தது. நாளை நமது நிப்பட்டுக்கும் யாரேனும் மனுப் போடலாம். போடட்டும். எங்கோ உட்கார்ந்திருக்கும் பெரிய கம்பெனி நமது ஊர்ப் பெயரை அட்டையில் அச்சடித்து விற்பதைத் தடுக்க முடியுமானால் அது நல்லதே.

ஆனால் அந்த 1999ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொஞ்சம் படித்துப் பார்க்க வேண்டும். அதில் ‘உற்பத்தியாளர்’ யார் என்று விளக்கம் எழுதியிருக்கிறார்கள். பண்டத்தைச் செய்பவர் உற்பத்தியாளர். அதில் வியாபாரம் நடத்துகிறவரும் உற்பத்தியாளர். கூலிக்குத் தட்டுகிற பெண்ணைப் பற்றி அந்த விளக்கத்தில் ஒரு வார்த்தை இல்லை. வாழ்நாளில் ஒரு நிப்பட்டும் தட்டாத மொத்த வியாபாரி உற்பத்தியாளராகிவிடுகிறார்! வேடிக்கையான அகராதி.

தண்டனையைப் பாருங்கள். குறியீட்டுப் பெயரைப் பொய்யாகப் போட்டு விற்றால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று அந்தச் சட்டம் எழுதியது. தொழிலாளிக்குச் சேர வேண்டிய கூலியைக் குறைத்துக் கொடுத்தால்? 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் ஆறு மாதம் வரை சிறை என்றாவது இருந்தது. அதை விழுங்கிய 2019ஆம் ஆண்டுக் கூலிச் சட்டத் தொகுப்பில் முதல் குற்றத்துக்குச் சிறையே கிடையாது. 50,000 ரூபாய் வரை அபராதம், அவ்வளவுதான். ஐந்து ஆண்டுக்குள் மறுபடியும் அதே குற்றம் செய்தால்தான் மூன்று மாதம் வரை சிறை என்ற பேச்சே வருகிறது. பெயரைத் திருடினால் கம்பி. கூலியைத் திருடினால் ரசீது. இது யார் நியாயம்?

பெயர் விஷயத்தில் இன்னொன்று. ஐக்கிய நாடுகள் சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தது முதல், பேக்கரிகளில் ராகி பிஸ்கட்டுக்கு மவுசு கூடியிருக்கிறது. ராகி நமது மானாவாரி நிலத்துப் பயிர். பொட்டலத்தைத் திருப்பிப் படியுங்கள்: எடையில் அதிகமான சரக்கை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. பல பொட்டலங்களில் முதலில் நிற்பது மைதா! 2025-26 பருவத்தில் ராகிக்கு மத்திய சர்க்கார் நிர்ணயித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். கிலோவுக்கு 49 ரூபாய்கூட இல்லை. விளைவித்தவனுக்கு இந்த விலை. அவனது தானியத்தின் பெயரைப் போட்டு மைதாவை விற்கிறவனுக்கு என்ன விலை என்பதைக் கடையில் விசாரித்துக்கொள்ளலாம்.

வழியே இல்லையா? இருக்கிறது. 1957இல் காபி போர்டு தனது காபி ஹவுஸ்களை மூடி ஆட்களை வீட்டுக்கு அனுப்பியபோது, தோழர் ஏ.கே. கோபாலன் துணை நிற்க, தொழிலாளர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். அப்படி முதல் சங்கம் அமைந்தது நமக்குப் பக்கத்துப் பெங்களூரில்தான். 1959இல் பம்பாயில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் தேய்க்க ஆரம்பித்தார்கள். லிஜ்ஜத் என்ற பெயர் இன்று நாடெங்கும் தெரியும். அங்கே அப்பளம் தேய்க்கிறவரே சங்க உறுப்பினர்.

குறியீட்டுக்கு மனுப் போட முதலாளிகள் சங்கம்தான் வர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. செய்பவர்களின் நலனைப் பிரதிநிதித்துவப்படுத்தும் எந்தச் சங்கமும் போடலாம். ஆகவே தருமபுரி, காரிமங்கலம், பாலக்கோடு, பென்னாகரம் பகுதிகளில் நிப்பட்டு தட்டும் பெண்களும், வாணலியில் நிற்பவர்களும், பேக்கரி அடுப்புத் தொழிலாளர்களும் முதலில் தங்கள் சங்கத்தைப் பதிவு செய்ய வேண்டும். கிலோவுக்கு என்ன கூலி என்பதைப் பட்டறைச் சுவரில் எழுதி ஒட்டச் சொல்ல வேண்டும். பிறகு யார் மனுப் போட்டாலும், தரத்தைக் கண்காணிக்கும் கமிட்டியில் தட்டுகிறவர்களின் பிரதிநிதிகள் உட்கார வேண்டும். நிப்பட்டின் கனத்தை அளக்கிற அதே மேஜைக்குக் கூலி நோட்டும் வர வேண்டும்.